காணாமல் போனவருக்கு ஒரு வழுக்கை

ஸ்டூடியோக்காரரின் வீட்டில் இரண்டு ‘அவர்’கள் இருந்தார்கள். ஒருவர் சாப்பிடுவார், குறட்டை விடுவார், குளியலறைக் குழாயை ஒருநாளும் முழுசாக மூடமாட்டார். அது ஸ்டூடியோக்காரரே. இன்னொருவரிடம் இப்படி எந்தக் குறையும் கிடையாது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால், இந்த யுத்தம் இவ்வளவு நீளும் என்று யாரும் நினைக்காத காலத்தில், குண்டு விழுந்து இருண்டுபோன ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டரை ஓடவைத்துவிட்டு வருகிறேன் என்று ஸ்பானர் பையோடு கிளம்பிப் போனவர். ஜெனரேட்டர் ஓடியது. அவர் வரவில்லை. அவர்தான் ஸ்டூடியோக்காரர் மனைவியின் முதல் புருஷன்.

சிகரெட் வாங்கப் போய்த் தொலைந்தவனாக இருந்தால் போட்டி போடலாம். சீட்டாடப் போனவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது மனசை ஆற்றிக்கொள்ளலாம். ஆஸ்பத்திரிக்கு வெளிச்சம் கொடுக்கப் போனவரோடு யார் மல்லுக்கட்டுவது? மனுஷர் காணாமல் போவதைக்கூட ஒரு குறையில்லாமல் செய்துவிட்டுப் போயிருக்கிறாரே என்று நினைக்கும்போதெல்லாம் ஸ்டூடியோக்காரருக்கு வயிறு எரியும்.

எல்லை தாண்டி வந்த புதிதில் தகரக் கொட்டகை ஒன்றில் எல்லோரையும் அடைத்து, குடும்பத்துக்கு ஒரு தடுப்பு என்று போர்வையைக் கட்டிப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். தனி ஆளுக்குத் தடுப்பு கிடையாது, கதவோரம்தான். அங்கே கால் நீட்டிப் படுத்திருந்த ஸ்டூடியோக்காரரின் வயிற்றின் மேல் ஏறி ஒரு நாலு வயசுப் பெண் குதித்து விளையாடும். அந்தக் குழந்தை அவரை ‘அப்பா’ என்று கூப்பிட ஆரம்பித்து இரண்டு வருஷம் கழித்துத்தான் அதன் அம்மா கல்யாணத்துக்குச் சரி என்று தலையசைத்தாள். அதுவும், அவ்வளவு உற்சாகமான தலையசைப்பு என்று சொல்ல முடியாது. காத்திருந்தது போதும் என்று ஊர்ப் பெரியவர்கள் வற்புறுத்தினார்கள். இவரும் கேட்டார். குழந்தைக்கோ கேட்கவே தேவையிருக்கவில்லை.

இப்போது அவர்கள் இந்த நகரத்தில் ஒரு மாடி அறையில் இருந்தார்கள். மனைவிக்கு ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை. பெண் பத்தாவது படித்தாள். ஸ்டூடியோக்காரர் செருப்புத் தைக்கும் கடைக்கும் போன் ரீசார்ஜ் கடைக்கும் நடுவே, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய அகலத்தில், ஒரு கடை வைத்திருந்தார். நீலத் திரை, ஒரு ஸ்டூல், இரண்டு விளக்கு, கிழட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று. அகதி அட்டைக்குப் படம் எடுக்க வருகிறவர்கள்தான் வாடிக்கை. “தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. சிரிக்காதீங்க. அவங்களுக்குச் சிரிச்சா பிடிக்காது” என்பார். சொன்னதும் எல்லோரும் சிரித்துவிடுவார்கள். அப்புறம் இன்னொரு படம் எடுக்க வேண்டிவரும்.

அவருக்கு ஊரில் பெரிய ஸ்டூடியோ இருந்தது. முப்பது வருஷத்துக் கல்யாணங்களின் நெகட்டிவ்கள் டப்பா டப்பாவாக அடுக்கியிருந்த ஸ்டூடியோ. ஒரு மத்தியானம் அதன் மேல் குண்டு விழ, ஊரின் முகம் மொத்தமும் புகையாகப் போனது. அவருடைய அப்பா, அம்மா, தம்பி மூவரையும் அவரே குழி வெட்டிப் புதைத்திருந்தார். அதனால் அவருக்குத் தேடுவதற்கு ஆளே இல்லை. இதைப் பற்றி அவர் பேசமாட்டார். பேசினாலும், “நம்ம கேஸ் சீக்கிரம் முடிஞ்ச கேஸ்” என்று சொல்லிவிட்டு லென்ஸைத் துடைப்பார்.

அடுத்த தெருவில் தேடல் ஆபீஸ் இருந்தது. அதன் வெளிச்சுவரில் ஆள் உயரத்துக்குப் பலகை அடித்து, அதில் காணாமல் போனவர்களின் படங்களை ஒட்டியிருந்தார்கள். பிரச்சினை என்னவென்றால், படங்கள் அப்படியே நின்றுவிட்டன, யுத்தம் நிற்கவில்லை. எட்டு வயசில் பள்ளிக்கூட உடையில் சிரித்த பையன் இன்றைக்கு இருந்தால் மீசை வைத்திருப்பான். அவனைப் பால்பல் படத்தை வைத்து எப்படித் தேடுவது? ஒருநாள் ஒரு பெண்மணி தம்பியின் படத்தைக் கொண்டுவந்து, “இதுக்கு ஒரு மீசை வச்சுத் தர முடியுமா?” என்று கேட்டார். அங்கே ஆரம்பித்தது. இப்போது படங்களுக்கு வயதாக்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அந்த வேலைக்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. படத்தை மட்டும் வைத்துக்கொண்டு வயதாக்க மாட்டார். கூடவே அப்பா, மாமா, அண்ணன் என்று ரத்த சம்பந்தம் யாராவது ஒருவரை ஸ்டூலில் உட்காரவைப்பார். முடி எங்கிருந்து பின்வாங்குகிறது, கன்னம் எந்தப் பக்கம் தொங்குகிறது, சிரித்தால் எங்கே மடிகிறது என்பதையெல்லாம் உறவுக்காரர் முகத்திலிருந்துதான் எடுத்து வைப்பார். அதற்கு மேல் தன் கணக்கில் கொஞ்சம் சேர்ப்பார். “அமைதியா இருக்கற ஊர்ல ஒரு வருஷம்னா ஒரு வருஷம். அங்க ஒரு வருஷம்னா முகத்துல ரெண்டு” என்பார். அதற்கு அவர் வைத்த பெயர் யுத்த வயசு.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் மனைவி அவர் எதிரே வந்து நின்றாள்.

“என்னங்க, ஒரு வேலை.”

“குழாயை நாளைக்குப் பாக்கறேன்.”

“குழாய் இல்ல.”

மேஜை மேல் ஒரு படத்தை வைத்தாள். அந்தப் படம் எங்கே இருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். துணிப்பெட்டியின் அடியில், பெண்ணின் தடுப்பூசி அட்டைக்குள். ஒன்பது வருஷமாக அந்தப் பெட்டியைத் துடைக்க வேண்டி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு துடைத்தவர் அவர்.

“சண்டை நிறுத்தமாம். வெள்ளிக்கிழமை தேடல் ஆபீஸ் வண்டி கிளம்புது. எல்லாப் படத்தையும் எடுத்துக்கிட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கற கேம்ப், ஆஸ்பத்திரி, ஜெயில் எல்லாம் போறாங்களாம். அடுத்த வண்டி எப்பன்னு அவங்களுக்கே தெரியாதாம்” என்றாள். பிறகு, “இவருக்கும் வயசாக்கித் தாங்க” என்றாள்.

“இவருக்கா?”

“இருபத்தாறுல எடுத்தது. இப்ப நாப்பத்தொண்ணு. உங்க யுத்த வயசையும் சேத்துக்கோங்க.”

ஊரான் வீட்டுத் தம்பிகளுக்கெல்லாம் மீசை வைத்தவர், ஊரான் வீட்டு மகன்களுக்கெல்லாம் நரை வைத்தவர், முடியாது என்று எந்த வாயால் சொல்வார்? “அதுக்கென்ன, வச்சிட்டுப் போ” என்றார். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

மறுநாள் கடையில் அந்தப் படத்தை ஸ்கேன் செய்து திரை முழுக்கப் பெரிதாக்கினார். பெரிதாக்கியிருக்கக் கூடாது. ஒரு ஆளுக்கு எதற்கு இவ்வளவு முடி? வாரி விட்டது போதாதென்று ஒரு கற்றை நெற்றியில் தானாக வந்து விழுந்திருந்தது. சிரிப்பு வேறு. கேமராவைப் பார்த்துச் சிரிக்கவில்லை; கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற யாரையோ பார்த்துச் சிரித்தது அது. அந்த யாரோ யார் என்று கண்டுபிடிக்க ஸ்டூடியோக்காரருக்குப் பெரிய மூளை தேவைப்படவில்லை. அவள் தினமும் அவர் பக்கத்தில்தான் படுத்துத் தூங்குகிறாள்.

தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். தடவும்போது கைக்கு எந்தத் தடையும் இல்லை.

‘யுத்தத்துல முடி கொட்டாதா மனுஷனுக்கு?’ என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு நெற்றிக் கற்றையை எடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. மேலே கொஞ்சம் எடுத்தார். அப்புறம் மொத்தமாகவே வழித்துவிட்டார். வெறும் மண்டைக்கு மாதிரி ஒன்று வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரில் கைக்கெட்டிய தூரத்தில் அட்டைக்காக எடுத்த தன் படமே இருந்தது. அதிலிருந்து மண்டையை எடுத்து வைத்தார். மண்டை வந்தபின் தாடை பொருந்தவில்லை. தாடையையும் கொண்டுவந்தார். இரண்டாம் தாடை இலவசமாகக் கூடவே வந்தது. கண்ணுக்குக் கீழே பை, கழுத்தில் மடிப்பு, மூக்கின் பக்கவாட்டில் ஒரு வீக்கம். கை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குப் படம் எடுக்க வந்த இரண்டு பேரை “கரண்ட் இல்லை” என்று, எரிகிற விளக்குக்குக் கீழே உட்கார்ந்துகொண்டே சொல்லித் திருப்பி அனுப்பினார். ஒன்பது வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவர் எந்த வேலையும் செய்ததில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோனால் மனைவி பார்ப்பாள். அதனால் நேரே தேடல் ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆபீஸ் மேடம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படத்தைப் பார்த்தார்.

“இவரை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே?”

“காணாமப் போனவங்க எல்லாருமே அப்படித்தான் மேடம், எங்கயோ பாத்த மாதிரி இருப்பாங்க” என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே வந்தார். வீட்டில், “அவசரம்னாங்க, அங்கயே குடுத்துட்டேன்” என்றார்.

புதன்கிழமை காலையில் கடையைத் திறக்கும்போதே செருப்புக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, இருக்கீங்களா?”

“இருக்கேனே.”

“இல்லையே. காணோம்னு போர்டுல போட்டிருக்கு.”

“என்னது?”

“பதினைஞ்சு வருஷமாக் காணோமாம். வாடகை மட்டும் எப்படிண்ணே கரெக்டாக் குடுக்கறீங்க?”

ரீசார்ஜ் கடை அக்காவும் வந்துவிட்டார். “தொலையறதுதான் தொலையறீங்க, அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தொலையக் கூடாதா?” என்றார். தண்ணீர் கேன் போடுகிறவர் ஒரு படி மேலே போய், உயிரோடு இருக்கிறாரா என்று அவர் கையைக் கிள்ளியே பார்த்தார்.

ஸ்டூடியோக்காரர் கடையைப் பூட்டக்கூட மறந்து ஓடினார். பலகையின் மூன்றாவது வரிசையில், யாரோ ஒருத்தியின் மகனுக்கும் யாரோ ஒருவரின் அக்காவுக்கும் நடுவே, அவரே இருந்தார். கண் மட்டும்தான் ஜெனரேட்டர்காரருடையது. மற்றதெல்லாம் அச்சு அசல் அவரேதான். அந்தக் கண்ணோ, நான் இந்த மண்டைக்குள் எப்படி வந்து மாட்டிக்கொண்டேன் என்று கேட்பதுபோல் இருந்தது.

கிழித்துவிட வேண்டும் என்று கையைத் தூக்கினார். பக்கத்தில் சலவைத் துணி வாசனை அடித்தது. ஹோட்டல் சீருடையோடு மனைவி நின்றுகொண்டிருந்தாள். திரும்பி நடந்தாள். இவர் பின்னாலேயே போனார்.

பாதித் தெரு போனபின் அவள் பேசினாள். “ஒரு ஆளைத் தேடக் குடுத்தா, உங்களை ஒட்டி வச்சிருக்கீங்க.”

“அது வந்து... வயசானா எல்லாருக்கும்...”

“வயசானா எல்லாரும் நீங்க ஆயிடுவாங்களா?”

“மண்டைக்கு ஒரு மாதிரி தேவைப்பட்டுச்சு...”

“உங்களை எதுக்கு நான் தேடணும்? காலையில பல்லு விளக்கறப்பவே பாத்துத் தொலைக்கறேனே.”

வேறொரு நாளாக இருந்தால் அவரே கைதட்டியிருப்பார். இப்போது சிரிப்பு வரவில்லை. பழைய பாத்திரக் கடை, மருந்துக் கடை, சுவரில் சாய்த்து வைத்த சைக்கிள்கள் எல்லாம் கடந்து போயின. ஒன்பது வருஷமாகத் தொண்டையில் மாட்டிக்கொண்டிருந்தது மருந்துக் கடை தாண்டியதும் வெளியே வந்துவிட்டது.

“அவர் கிடைச்சுட்டா என்ன பண்ணுவ?”

அவள் நின்றாள். பொய் சொல்லுவாள் என்று ஸ்டூடியோக்காரர் எதிர்பார்த்தார். சின்னதாக ஒன்று, வழியில் போகிற மாதிரி ஒன்று சொல்லிவிட்டால் போதும், மீதியை அவரே நம்பிக்கொள்வார்.

“தெரியல” என்றாள்.

“தெரியலையா?”

“தெரியலன்னா தெரியலதான். உங்ககிட்ட என்னிக்குப் பொய் சொல்லியிருக்கேன், இன்னிக்குச் சொல்ல? ஆனா அந்த மனுஷன் எங்கயோ ஒரு கட்டில்ல படுத்துக்கிட்டு, யாராவது தேடிக்கிட்டு வருவாங்கன்னு வாசலையே பாத்துக்கிட்டிருந்தா? யாரும் தேடலன்னு நினைச்சுக்கிட்டிருந்தா? அதை நினைச்சா இஸ்திரி போடற கை அப்படியே நின்னுடுது. நேத்து ஒரு விரிப்பு கருகிப் போச்சு. திட்டு வாங்கினேன்.” சீருடையின் கையால் முகத்தைத் துடைத்தாள். “அவர் வேணும்னு கேக்கல. ஒரு பதில் வேணும். போய்ட்டார்னு யாராவது சொல்லிட்டாக்கூட, ஒரு நாள் உக்காந்து அழுதுட்டு எந்திரிச்சிருவேன். பதினைஞ்சு வருஷமா பாதி அழுதுட்டு நிக்கறேன்.”

வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

ஸ்டூடியோக்காரர் திரும்பிப் போய்ப் பலகையிலிருந்து தன்னை உரித்து எடுத்துக்கொண்டார். கடைக்கு வந்து, பழைய படத்தை மறுபடி திறந்து, முறையாக ஆரம்பிக்கப் பார்த்தார். நகரவில்லை. முறைப்படி செய்ய ரத்த சம்பந்தம் வேண்டும். ஜெனரேட்டர்காரரின் அப்பா, அண்ணன், சித்தப்பா எல்லோரும் ஒரே தெருவில் இருந்தவர்கள். அந்தத் தெரு இப்போது இல்லை. தெருவே இல்லாதபோது தெருக்காரர்களை எங்கே தேடுவது?

ஒரே ஒருத்தி இருந்தாள். அவள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு, பையைத் தரையில் தேய்த்துக்கொண்டு கடைக்குள் வருவாள்.

அந்த நினைப்பு வந்ததும் அவருக்கு வயிற்றில் இருந்த எரிச்சல் நெஞ்சுக்கு ஏறியது. விவரம் தெரியாதவர்கள் கடைக்கு வந்தால், “பொண்ணு அப்படியே அப்பா ஜாடை” என்பார்கள். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. “மூக்கு மட்டும் அவ அம்மா” என்று கூசாமல் சேர்த்துக்கொள்வார். மனைவியில் பாதியை வேண்டுமானால் அந்த ஸ்பானர்காரருக்கு விட்டுக்கொடுக்கலாம். ஆனால் இந்தப் பெண் முழுக்க முழுக்கத் தன் கணக்கு என்று வைத்திருந்தார்.

அவள் வந்தாள். விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது; தெரு முழுக்கத் தெரிந்திருந்தது.

“போர்டுல நீங்க நல்லாவே இல்லப்பா” என்றாள்.

“நேர்ல மட்டும் என்ன வாழுது. அந்த ஸ்டூல்ல உக்காரு.”

“எனக்கா? எதுக்கு?”

“உன் முகம் கொஞ்சம் கடன் வேணும்.”

புரிந்துகொண்டு, சட்டென்று வாயை மூடி உட்கார்ந்தாள். விளக்கைப் போட்டார். ஆயிரம் தடவை பார்த்த முகம்தான். காய்ச்சலில் பார்த்திருக்கிறார், கணக்குப் பரீட்சையில் தோற்று வந்தபோது பார்த்திருக்கிறார். தொழில் கண்ணால் பார்த்தது இல்லை. இப்போது பார்த்தார். இடது புருவம் ஒரு நூல் இறங்கியிருந்தது, படத்திலும் அப்படியே. காதுமடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது, படத்திலும் ஒட்டியிருந்தது. நெற்றியில் முடி இறங்கும் முனை, உதட்டுக்குக் கீழ்ப் பள்ளம், தாடையின் வெட்டு. ஒவ்வொன்றாகப் பறிமுதல் செய்வதுபோல் அந்த மனுஷர் எடுத்துக்கொண்டே போனார். ஸ்டூடியோக்காரருக்கென்று ஒரு மச்சம்கூட மிஞ்சவில்லை.

“அப்பா, நான் அவர் மாதிரியா இருக்கேன்?”

“காது மட்டும்.”

“பொய்.”

“சரி, காதும் புருவமும்.”

“அப்பா.”

மவுஸை விட்டுக் கையை எடுத்தார். “மொத்தமும்” என்றார். “மூக்கு மட்டும் உங்கம்மா.”

அவள் கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். “அவர் வந்துட்டா, அவரை என்னன்னு கூப்பிடறது?”

“அப்பான்னுதான்.”

“அப்ப உங்களை?”

“என்னை ‘ஏய்’னு கூப்பிடு. உங்கம்மா அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்கா.”

“ஏய்” என்றாள் அவள். சொல்லிவிட்டு, சிரிக்கப் பார்த்து முடியாமல், கண் கலங்கிவிட்டது. “நல்லாவே இல்லப்பா. நான் கூப்பிட மாட்டேன்.”

“ஆடாத. தாடையைக் கொஞ்சம் இறக்கு” என்றார். அவருக்கும் திரை மங்கலாகத்தான் தெரிந்தது.

அவள் எழுந்து வந்து, அவர் தோளுக்கு மேலாக எட்டித் திரையில் வளர்ந்துகொண்டிருந்த மனுஷரைப் பார்த்தாள். அப்போது இடது கண்ணைச் சுருக்கினாள். அப்படிச் சுருக்கும்போது கன்னத்தில் ஒரு கோடு விழுந்தது. ஸ்டூடியோக்காரரும் வழக்கம்போல் அந்தக் கோட்டைப் படத்தில் போடக் கையைக் கொண்டுபோனார். போனவர் நின்றார். அந்தக் கோடு அந்த இருபத்தாறு வயசுக்காரரிடம் இல்லை. அது கேமராவில் ஒற்றைக் கண்ணை வைத்து வைத்து வந்த கோடு. ஸ்டூடியோக்காரரின் கன்னத்தில் இருந்தது. கேமராவைத் தொட்டுக்கூடப் பார்க்காத இந்தப் பெண் எங்கே பிடித்தாளோ!

அதை மட்டும் அவர் படத்தில் வைக்கவில்லை. அது அந்தப் படத்துக்குச் சேராது. அதை யாருக்கும் சொல்லவும் இல்லை. எரிச்சலோடு எரிச்சலாக உள்ளே வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு ஓரத்தைப் பிடித்து வாங்கினாள். நாற்பத்தொன்றும் அதற்கு மேல் கொஞ்சம் யுத்த வயசும் சேர்ந்த மனுஷர். பக்கவாட்டில் நரை, கன்னம் உள்ளே வாங்கியிருந்தது, கண்ணைச் சுற்றிக் களைப்பு. முடி மட்டும் அப்படியே இருந்தது. எவ்வளவு நியாயமாகச் செய்தும் அது போகவில்லை. வயதாக வயதாக அழகு கூடுகிற ரகம் அவர். ஸ்டூடியோக்காரர் வேறெதுவும் பார்க்க இல்லாததால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இவ்ளோ நரையா?” என்றாள் மெதுவாக. நரையை விரலால் தொட்டுப் பார்த்தாள். “இந்த ஆளை எனக்குத் தெரியாதுங்க.”

“என்ன சொல்ற? முறைப்படிதான் பண்ணியிருக்கேன். சந்தேகம்னா பொண்ணைக் கேளு...”

“பண்ணினது சரியாத்தான் இருக்கு. எனக்குத் தெரிஞ்சது ஒரு சின்னப் பையன். சட்டைப் பொத்தானைத் தப்புத் தப்பாப் போட்டுக்கிட்டு ஓடுவான். இந்த மனுஷர் தெருவுல எதிர்ல வந்தா, பெரியவர் வராருன்னு ஒதுங்கி வழி விட்டிருப்பேன்.” படத்தை மடியில் வைத்துக்கொண்டு உடைந்து அழுதாள்.

தெரியாது என்று அவள் சொன்னபோது ஸ்டூடியோக்காரருக்குள் ஒரு குரங்குக்குட்டி குதித்தது உண்மைதான். அழுகையைப் பார்த்ததும் அது வாலைச் சுருட்டிக்கொண்டது. துண்டை எடுத்து நீட்டினார். தனக்காகவும் ஒருநாள் இப்படி அழுவாளா என்று ஒரு ஓரத்தில் கேள்வி வந்தது. அதற்கு முதலில் தான் காணாமல் போக வேண்டும் என்பது நினைவுக்கு வரவே, அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டி ஆபீஸ் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. மேடம் படத்தை வாங்கிப் பார்த்து, “இப்பதான் இவர் இவர் மாதிரி இருக்கார்” என்றார். கீழே போன் நம்பர் அச்சடிக்க வேண்டும். “உங்க நம்பர்தானே எங்ககிட்ட இருக்கு, அதையே போட்டுடறேன்.”

ஸ்டூடியோக்காரர் சரி என்று சொல்ல வாயைத் திறந்தார். யாராவது கூப்பிட்டால் தனக்குத்தான் வரும். முதலில் தனக்குத் தெரியும். அப்புறம் சொல்லலாம், மெதுவாகச் சொல்லலாம், நல்ல நாள் பார்த்துச் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம்.

“வேணாம் மேடம். அவ நம்பரைப் போடுங்க.”

“ஏன், உங்க போன் சரியில்லையா?”

“போன் சரியாத்தான் இருக்கு. ஆள்தான் சரியில்ல. அந்தக் கால் எனக்கு வந்துச்சுன்னா ‘ராங் நம்பர்’னு சொல்லி வச்சிடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

மேடம் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை என்று பார்த்து, மாற்றி எழுதினார்.

அதன் பிறகு மனைவியின் போன் அடிக்கும்போதெல்லாம் ஸ்டூடியோக்காரர் செய்துகொண்டிருந்த வேலை நின்றுபோகும். வந்ததெல்லாம் ஹோட்டல் மேற்பார்வையாளரும், பாத்ரூம் டைல்ஸ் விற்கிற ஒருவனும்தான். டைல்ஸ்காரனிடம் ஸ்டூடியோக்காரர் பேசிய அன்பில் அவன் குழம்பிப்போய், தள்ளுபடி எல்லாம் தருவதாகச் சொன்னான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி வாளியில் துணியை அலசிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. நீளமான, வெளிநாட்டு நம்பர். கையெல்லாம் நுரை. “எடுத்து ஸ்பீக்கர்ல போடுங்க” என்றாள்.

போட்டார். இரைச்சலுக்கு நடுவே ஒரு ஆண் குரல். “இந்தப் படத்துல இருக்கறவர் விஷயமாக் கூப்பிடறேன். அவர் வீட்டுக்காரங்களா பேசறது?”

“ஆமா, ஆமா” என்றாள் அவள். நுரைக் கையோடு எழுந்துவிட்டாள்.

“போன மழைக்காலம் வரைக்கும் எங்க கேம்ப்லதாம்மா இருந்தார். கால்ல அடி. நல்லா நடக்க முடியாது. அதுக்கப்புறம்...”

போன் அணைந்துவிட்டது. பெண் காலையிலிருந்து அதில் ஏதோ பார்த்துச் சிரித்துச் சிரித்துச் சார்ஜைக் கரைத்திருந்தாள். கருப்புத் திரையில் ஸ்டூடியோக்காரரின் மண்டை பளபளத்தது. இருந்திருக்கிறார். போன மழைக்காலம் வரை, நாமெல்லாம் இந்த அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மழையைத் திட்டிக்கொண்டிருந்தபோது, அந்த மனுஷர் எங்கேயோ ஒரு காலை இழுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

மனைவி அவரைப் பார்த்தாள்.

அடுத்து என்ன செய்கிறோம் என்று ஸ்டூடியோக்காரருக்கே தெரிவதற்கு முன்னால் அவர் ஓடியிருந்தார். சார்ஜர் கட்டிலுக்குப் பின்னால் இருந்தது. கட்டிலை இழுத்தார், முழங்காலில் இடித்துக்கொண்டார், வாய்க்கு வந்ததைத் திட்டினார். அந்தச் சுவர்ப் பிளக் ஒரு கழுத்தறுப்பு. செருகினால் நிற்காது, ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் கரண்ட் ஏறும். தொப்பை மடிய, தரையில் குந்தி, கட்டை விரலால் அதை அழுத்தினார். வயிறு எரிந்தது, அதைச் சொல்லவே வேண்டாம். நெற்றியெல்லாம் வேர்த்தது. திரையில் சின்னதாக ஒரு பச்சை வந்தது, போனது, மறுபடி வந்து நின்றது.

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். நுரை அவர் சட்டையில் பட்டது.

“கையை எடுத்துடாதீங்க” என்றாள்.

அவர் எடுக்கவில்லை.